ஆலிவ் ஊரில் ஜன்னலை எப்போது திறப்பது? ஹாயேன் பக்கம் குடிவருபவர்களுக்கு

கேள்வி:

வணக்கம். தெற்கு ஸ்பெயினில் ஹாயேன் மாகாணம், வில்லனுவேவா தெல் அர்சோபிஸ்போ என்கிற சின்ன ஊருக்கு அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு வருகிறோம். வீட்டிலிருந்தே வேலை. பையனுக்கு 5 வயது, சளி பிடித்தால் வீசிங் வரும். சுற்றிலும் ஆலிவ் தோப்பு, தொழிற்சாலை கிடையாது, காற்று சுத்தமாக இருக்கும் என்றுதான் பெருநகரத்தை விட்டு இதைத் தேர்ந்தெடுத்தோம். வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ஊரிலிருந்து என்ன மருந்து கொண்டுவரலாம்?

பதில்:

தம்பி, தோப்பு இருக்கிறது என்பது சரி. தொழிற்சாலை கிடையாது என்பதுதான் சரியில்லை. அங்கே விளைவதை அங்கேயே ஆட்டுகிறார்கள். ஆட்டி மிஞ்சிய பிண்ணாக்கை அந்த வட்டாரத்திலேயே காயவைக்கிறார்கள். காய்ந்ததையும் கொட்டையையும் விறகையும் கணப்பில் போட்டு எரிக்கிறார்கள். இவ்வளவும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒரே சமயத்தில் நடக்கும். நீங்கள் வந்து இறங்குவதே அதன் தொடக்கத்தில்.

சுமார் 8,000 பேர் வாழும் ஊரில் ஆண்டலூசிய அரசு (ஹுந்தா என்பார்கள்) நிரந்தரமாகக் காற்று அளவிடும் நிலையம் வைத்திருக்கிறது என்றாலே விஷயம் புரியும். பிஎம் 10 (10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசித் துகள்) கூடுதலாக இருந்ததால் இந்த ஊருக்கென்றே சீரமைப்புத் திட்டமும் போட்டார்கள். கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற நாள் சராசரியை ஆண்டில் 35 நாளுக்கு மேல் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. 2030 முதல் அது 45 மைக்ரோகிராம், 18 நாள் என்று இறுகுகிறது. ஆண்டு சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். கோடை மாதங்கள் சேர்ந்து குளிர்காலத்தை மூடி மறைத்துவிடும். நாள் சராசரியும் முழுக்கதை சொல்லாது, ஏனென்றால் சுமை பெரும்பாலும் மாலை 7 முதல் இரவு 11 வரை.

ஏன் அந்த நேரம்? குவாதல்கிவிர், குவாதலிமார் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மேட்டில் ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் வானம் தெளிந்து காற்று நின்றுவிட்டால், இரவில் தரை சட்டென்று குளிர்ந்து அதை ஒட்டிய காற்றும் குளிரும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். குளிர்ந்த காற்றுக்கு மேலே போக வழியில்லை, பானைக்கு மூடி போட்ட மாதிரி. இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். சூரியன் மறைந்து அரை மணி கழித்து மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பாருங்கள். புகை நேராக மேலே போய்க் கரைந்தால் கவலையில்லை. இரண்டு ஆள் உயரம் எழுந்து, எதிலோ முட்டியதுபோல நின்று, பிறகு தட்டையாகப் படுத்துத் தெருவின் மேல் நகர்ந்தால் அன்று ராத்திரி ஜன்னலைத் தொடவே வேண்டாம். சென்னையில் போகியன்று காலையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்களை நிறுத்திவைக்கிற அதே சங்கதிதான். இங்கே அது வாரக்கணக்கில் தொடரலாம்.

ஆகவே குளிர்கால நேரம்: பகல் 12.30 முதல் 4 மணிக்குள் எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து 10 நிமிடம். 5.30-க்குள் எல்லாம் சாத்தியிருக்க வேண்டும், கணப்பு மூட்டுவது 6, 7 மணிக்கு. 'காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து நல்ல காற்று விடுவது' என்ற நம் வழக்கம் இங்கே குளிர்காலத்தில் தப்பு. முந்தின இரவுப் புகை 10 மணி வரை தரையிலேயே கிடக்கும், அதோடு காலைக் கணப்பும் சேரும். நாள் முழுவதும் ஜன்னலை விரற்கடை திறந்து வைப்பதும் வேண்டாம். சுவர் குளிர்ந்து, மூலையில் பூஞ்சை பிடித்து, வீசிங்குக்கு இன்னொரு காரணத்தை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

அந்த நெடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100 கிலோ காய் ஆட்டினால் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய், 80 கிலோ ஈரப்பிண்ணாக்கு. அதற்கு ஆல்பெருஹோ என்று பெயர், முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். அதைக் குளத்தில் சேர்த்துவைத்து, சுழலும் உருளையில் சூடான காற்றில் உலர்த்தி, ஹெக்ஸேன் விட்டு மிச்ச எண்ணெயை எடுப்பார்கள். குளத்தில் கிடந்து நாட்பட நாட்பட 4-எத்தில்பீனால் என்ற பொருள் கூடும். தொழுவமும் புகைந்த தோலும் கலந்த மாதிரியான வாடை அதனுடையதுதான். வாடை அடித்தால் துகள் கூடுதல் என்றோ, வாடை இல்லாவிட்டால் காற்று சுத்தம் என்றோ எண்ண வேண்டாம், இரண்டும் வேறு வேறு. நன்கு காய்ந்த ஆலிவ் விறகுப் புகை மூக்குக்கு இதமாகவே இருக்கும். நுரையீரலுக்கு அதுதான் கெடுதல். அதிலிருந்து வரும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனுக்கு ஐரோப்பிய இலக்கே ஆண்டு சராசரியாகக் கன மீட்டருக்கு 1 நானோகிராம்தான்.

வீடு பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. சரிவின் அடிப்பக்கத்தைவிட மேல்பக்கத்து வீடு நல்லது. குளிர்காற்று தண்ணீர் மாதிரி கீழே வழிந்து தேங்கும், புகையும் கூடவே. மாடிப் படுக்கையறை ஜன்னலும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கி வாயும் ஒரே மட்டத்தில் இருந்தால் வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த வீடு வேண்டாம். ஊர்க்கோடியில் தோப்பை ஒட்டிய வீடு புகைப்படத்தில் அழகாக இருக்கும். அங்கே அறுவடையில் மண்பாதை டிராக்டர் புழுதி, உதிர்ந்த காயை ஊதிக் குவிக்கும் ப்ளோவர்களின் புழுதி, பிறகு மருந்துத் தெளிப்பு, பிறகு கவாத்துச் சுள்ளி எரிப்பு என்று வரிசையாக வரும். என்னைக் கேட்டால் ஊருக்கு நடுவே, மேட்டில், மூன்றாம் மாடி.

அடுத்தது பெர்சியானா. ஜன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்கும் அந்தத் தட்டிக்கு மேலே சுவருக்குள் ஒரு பெட்டி இருக்கும். பழைய வீடுகளில் ஜன்னல் இரட்டைக் கண்ணாடியாக மாற்றியிருப்பார்கள், பெட்டியை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். வெளிக்காற்று வருவது அந்த வழியாகத்தான். சாவி வாங்கும் முன் ஓர் ஊதுபத்தி போதும்: எல்லா ஜன்னலையும் சாத்தி, சமையலறை எக்ஸாஸ்டை முழு வேகத்தில் போட்டு, பெட்டியின் மூடி ஓரம், இழுக்கும் பட்டை நுழையும் துளை, வாசற்கதவின் அடி, சுவர் சாக்கெட் என்று ஒவ்வொன்றின் அருகிலும் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை படுத்துக்கொண்டு உங்கள் பக்கம் பாய்ந்தால் அங்கே ஓட்டை.

அடைப்பது எளிது. ஹார்டுவேர் கடையில் (ஃபெரெத்தெரியா) பூர்லேத்தே என்று கேட்டால் ஒட்டும் நுரைப்பட்டி தருவார்கள். பெட்டி மூடியைக் கழற்றி அதன் உள்விளிம்பில் ஒட்டி, திருப்பி மாட்டுங்கள். பட்டைத் துளைக்குப் பிரஷ் வைத்த மூடி தனியாகக் கிடைக்கும். சிலிக்கான் போட்டு மூடியையே ஒட்டிவிடாதீர்கள். பட்டை ஒருநாள் அறுந்தே தீரும், அன்றைக்கு மூடியை உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

ஒரு இடத்தை மட்டும் எக்காரணத்தாலும் அடைக்கக்கூடாது. சமையலறைச் சுவரில் கம்பித்தடுப்பு போட்ட நிரந்தரத் துளை இருந்தால் அது எரிவாயுவுக்கானது. பூட்டேன் சிலிண்டர் அடுப்போ தண்ணீர் சூடாக்கியோ இருக்கும் வீட்டில் அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

இன்னொருவர்:

அண்ணன் சொன்னதோடு பிரசேரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரை வரை துணி தொங்கும் வட்ட மேசை, அடியில் ஒரு கணப்புத் தட்டு, குடும்பமே காலை உள்ளே விட்டு உட்கார்ந்திருக்கும். ஆண்டலூசியாவில் பழைய வீடு எதிலும் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் மின்சாரம்தான். வீட்டோடு கரித்தட்டும் வந்தால் அதைப் பரணில் போட்டுவிடுங்கள். மூடிய அறையில் தணல் வைப்பதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கணப்போ எரிவாயுவோ இருக்கிற வீட்டில் ஈஎன் 50291 என்று அச்சிட்ட மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையறைப் பக்கம், ஒன்று கணப்பு இருக்கும் அறையில். கணப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி மாட்டுங்கள்.

வீட்டில் ஆலிவ் கொட்டைக் கணப்பு இருந்தால் பயன்படுத்தலாம், விறகைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கொட்டை காய்ந்ததாக இருக்க வேண்டும். யூஎன்இ 164003 தரத்தில் ஏ1 என்று போட்ட மூட்டைக்கு ஈரம் 12 சதவீதத்துக்குள். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். நல்ல கொட்டை உலர்ந்த மணல்போலக் கலகலவென்று உதிரும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலோ, உள்ளே தோலும் சதையும் தூளாகத் தெரிந்தாலோ அது சரியாகச் சலிக்காத சரக்கு, புகையும். 7 கிலோவாட் கணப்பை முழு வேகத்தில் வைத்தால் மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் எரியும். மூட்டைக் கணக்கை அதை வைத்துப் போடலாம்.

பெல்லட்டுக்கு (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) மட்டும் என்று செய்த கணப்பில் கொட்டையைப் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்கிற தப்பு. விலை குறைவு என்று போடுவார்கள். கொட்டைச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். அது உருகிக் கண்ணாடிக் கட்டியாக இறுகி, எரிகிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். காற்றுப் போதாமல் தீ சோம்பலாக, ஆரஞ்சு நிறத்தில், நீண்ட நாக்காக ஆடும். ஒரு மணி நேரத்தில் முன்கண்ணாடி கருத்துவிடும். அப்படியானால் அணைத்து ஆறவிட்டு, கிண்ணத்தை எடுத்து ஒவ்வொரு துளையையும் ஆணியால் குத்தித் திறக்க வேண்டும். நல்ல தீ குட்டையாக, மஞ்சளும் வெள்ளையுமாகத் துள்ளும். கிண்ணம் தினமும், சாம்பல் பெட்டி வாரம் இரண்டு முறை, புகைபோக்கி ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்து. சாம்பலை அள்ள வீட்டு வாக்குவம் வேண்டாம், கங்கு உள்ளே போனால் பை எரியும், எரியாவிட்டாலும் நுண்சாம்பல் அறை முழுவதும் பரவும்.

விறகுதான் என்றால் வெட்டிப் பிளந்து இரண்டு கோடை கண்ட விறகு. ஈரமானியை விறகின் வெளித்தோலில் குத்தாமல், புதிதாகப் பிளந்த முகத்தில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி. வீட்டுக்காரர் ஹீட் பம்ப் ஏசி இருக்கிறது, கணப்பு வேண்டாம் என்கிறார். அப்படியானால் ஏர் ப்யூரிஃபையர் மட்டும் போதுமா? எவ்வளவு பெரியது வாங்குவது? எந்த ஆப் பார்ப்பது?

பதில்:

ஏசி சூடு போதும், அதுவே நல்லது. ஆனால் சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை, அதன் வலையும் நுண்துகளைப் பிடிப்பதில்லை. ஆகவே ஹெபா (நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) போட்ட ஏர் ப்யூரிஃபையர் ஒன்று பையன் தூங்கும் அறைக்கு வேண்டும்.

கணக்கு இதுதான்: அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 5-ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர், 3.5 மீட்டர், 2.6 மீட்டர் அறை என்றால் 36 கன மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு 180 கன மீட்டர் சுத்தக் காற்று வேண்டும். அட்டைப்பெட்டியில் சிஏடிஆர் (மணிக்குக் கிடைக்கும் சுத்தக் காற்றின் அளவு) என்று போட்டிருக்கும் எண் முழு வேகத்துக்கு உரியது. முழு வேகத்தில் வைத்தால் யாரும் தூங்க முடியாது. இரவு வேகத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும். எனவே 180 தேவை என்றால் 350, 400 உள்ளதை வாங்கி மெதுவாக ஓடவிடுங்கள். 'கார்பன் வடிகட்டி' என்று கூடவே வரும் மெல்லிய கருப்புத் துணி பிண்ணாக்கு வாடையைப் பிடிக்காது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அயனி, ஓசோன் என்று போட்ட கருவி வீசிங் இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். கதவு மூடியிருந்தால்தான் கருவி வேலை செய்யும். கூடத்தில் ஒன்றை வைத்து வீடு முழுக்கச் சுத்தமாகும் என்று நம்பினால் எந்த அறையும் சுத்தமாகாது.

பார்க்க வேண்டியது ஸ்பெயின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் காற்றுத் தரக் குறியீடு, ஐசிஏ என்று போடுவார்கள். அதில் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்) என்றால் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை நல்லது, 20 வரை ஓரளவு, 25 வரை சுமார், 50 வரை மோசம், 75 வரை மிக மோசம், அதற்கு மேல் கடைசிப் படி. நம் ஊர் ஆப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குழப்பும். இந்தியக் குறியீட்டில் 45 மைக்ரோகிராம் 'திருப்தி', இங்கே அதே 45 'மோசம்'. எனவே வண்ணத்தை விட்டுவிட்டு மைக்ரோகிராமைப் பாருங்கள். பல ஆப்கள் காட்டுவது தூரத்து நிலையத்தையும் கணினிக் கணிப்பையும் கலந்த எண். ஊரின் நிலையத்தையே தேர்ந்தெடுங்கள்.

விலை குறைந்த லேசர் உணர்கருவி ஒன்று வாங்கி வைப்பது தப்பில்லை, உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றி வைத்து வித்தியாசம் பார்க்கலாம். இரண்டு இடத்தில் அது பொய் சொல்லும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இறங்கிய காலையில், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் நீர்த்துளியையும் துகளாக எண்ணி அதிகம் காட்டும். சகாரா தூசி வரும் நாளில் நேர்மாறு: அது பருமனான தூசி, லேசருக்குச் சரியாகப் பிடிபடாது, வானம் மஞ்சளாக இருக்கும்போது கருவி 'நல்லது' என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொருவர்:

எல்லாரும் வெளிப்புகையையே பேசுகிறீர்கள், நம் அடுப்பங்கரையை யாரும் சொல்லவில்லையே. கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்கிற ஐந்து நிமிடத்தில் ஏறுகிற துகள் அளவு, தெருவில் இருப்பதை எளிதில் தாண்டும். இங்கே பல வீடுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் வெளியே தள்ளுவதில்லை, கரி வடிகட்டி வழியாகச் சுற்றித் திருப்பி முகத்திலேயே விடும். குழாய் எங்கே போகிறது என்று மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள்.

வெளியே தள்ளும் ஹூட் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளிருந்து எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு காற்று வெளியிலிருந்து ஓட்டை வழியாக உள்ளே வந்தே ஆகவேண்டும். டிசம்பர் இரவு 8 மணிக்கு ஹூட் போட்டுத் தாளித்தால் தெருப்புகையை நீங்களே உறிஞ்சிக் கொடுக்கிறீர்கள். பகலிலேயே ராத்திரிக்கும் சேர்த்துத் தாளிப்பை முடித்து வையுங்கள், இரவில் சுடவைத்தால் போதும். விறகுக் கணப்பு எரிகிற வீட்டில் ஹூட் முழு வேகத்தில் ஓடினால் புகைபோக்கிப் புகையே திரும்பி வீட்டுக்குள் இறங்கும், அலாரம் அடிப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டணியால்தான். சாம்பிராணியும் வெள்ளிக்கிழமை ஊதுபத்தியும் பகல் ஜன்னல் நேரத்துக்குள் இருக்கட்டும்.

வடகம், வற்றல், மோர்மிளகாய் மாடியில் காயவைப்பதென்றால் ஜூலை, ஆகஸ்ட். வெயில் அதற்கென்றே அடிக்கும். இலையுதிர்காலத்து முதல் மழைக்குப் பிறகும், பூப்பதற்கு முன் வசந்தத்திலும் ரெப்பிலோ என்ற இலைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். டிராக்டர் பின்னால் இழுத்துப்போகும் தொட்டியிலிருந்து சாரல் காற்றில் தள்ளிக்கொண்டு வரும். தோப்போர வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் காயப்போட்டதையும் குழந்தையையும் உள்ளே எடுங்கள்.

இன்னொருவர்:

குளிர்காலத்தைத் தாண்டியதும் நிம்மதி என்று நினைத்துவிட வேண்டாம், மே மாதம் இருக்கிறது. ஹாயேன் மாகாணத்தில் 6 கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள், ஏறக்குறைய எல்லாம் பிக்குவல் என்ற ஒரே ரகம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை பூக்கும், உச்சம் மே நடுவில். கன மீட்டருக்கு 50 மகரந்தத் துகள் வரை குறைவு, 200-க்கு மேல் அதிகம் என்பது ஸ்பெயின் அளவுகோல். ஹாயேனில் உச்ச நாட்களில் அது ஆயிரக்கணக்கில் போகும். தாழ்ந்த பள்ளத்தாக்கு முதலில் பூக்கும், பிறகு இந்த மேடு, கடைசியாக மலையடிவாரம். அதனால் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்குப் பருவம் நீளும். ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு அடங்கும். காய்ப்பு மாறி மாறி வருவதுபோலப் பூப்பும்.

முதல் மே மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. உடம்பு அந்த மகரந்தத்தைப் பகையாகப் பதிந்துகொள்ளவே சில பருவங்கள் பிடிக்கும். இரண்டாவது, மூன்றாவது வசந்தத்தில் கண் அரிப்பும் அடுக்குத் தும்மலும் தொடங்கினால் 'சளி' என்று ஒதுக்காதீர்கள். சளியில் கண் இப்படி அரிக்காது. (மல்லிகையும் ஆலிவும் தாவரவியலில் ஒரே குடும்பம். மல்லிகை தன் மகரந்தத்தைப் பூச்சியிடம் கொடுத்தனுப்புகிறது, ஆலிவ் காற்றில் தூற்றிவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.)

ஜன்னல் நேரம் இப்போது தலைகீழ். டிசம்பரில் பகலில் திறந்த ஜன்னலை மே மாதத்தில் பகலில் மூட வேண்டும், வெயிலேறக் காற்றில் மகரந்தம் கூடும். விடியற்காலையிலோ மழை பெய்து ஓய்ந்த பிறகோ திறங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போடுங்கள். பையனுக்கு இரவில் தலைக்குக் குளிப்பாட்டித் தூங்கவையுங்கள், முடியில் இருப்பதெல்லாம் தலையணைக்குத்தான் போகும். ஆலிவ் மகரந்தம் 20 மைக்ரான் பக்கம், சீக்கிரம் தரையில் படிந்துவிடும். அதனால் ப்யூரிஃபையரைவிட ஈரத்துணி துடைப்புக்குப் பலன் அதிகம். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது மறுபடி எழும்பும். காரின் உள்காற்று வடிகட்டியை ஏப்ரலில் மாற்றுங்கள், அக்டோபரில் அல்ல.

மருந்து. இந்தியாவில் ஆஸ்தாலின் இன்ஹேலர் என்பது இங்கே வென்டோலின், இரண்டும் சால்பியூட்டமால், ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். இங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது. வரும்போது பையனின் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு, உள்மருந்துப் பெயரோடு. கம்பெனிப் பெயரைச் சொன்னால் ஃபார்மாசியாவில் விழிப்பார்கள். மூன்று மாதத்துக்குப் போதும் அளவு கொண்டுவாருங்கள். நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழல் போதும், இங்கே எல்லாரும் அதைத்தான் கொடுக்கிறார்கள். கவுன்ட்டரில் வாங்கிப் பழகிய தூக்கம் வரும் பழைய அலர்ஜி மாத்திரைகளை விட்டுவிடுங்கள். செட்டிரிசின், எபாஸ்டின், பிலாஸ்டின் என்று பெரிதாகத் தூக்கம் வராதவை இருக்கின்றன. குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால் அரிப்பு வந்த பிறகு தொடங்குவதில் பாதிப் பலன்தான். ஏப்ரல் நடுவிலேயே, பூப்பதற்கு இரண்டு வாரம் முன்பு தொடங்க வேண்டும்.

ஒழுங்குமுறை: முதலில் நகராட்சியில் குடியிருப்புப் பதிவு, அதை வைத்து ஊர் மருத்துவ மையத்தில் (சென்ட்ரோ தெ சாலூத்) குழந்தை மருத்துவர். தனியார் காப்பீட்டு விசாவில் வருகிறீர்கள் என்றால் பொது அட்டை உடனே கிடைக்காது. காப்பீட்டுத் தாளில் முன்பே இருக்கும் நோயை விலக்கியிருக்கிறார்களா, காத்திருப்புக் காலம் உண்டா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். ஆஸ்துமாவை மறைத்து எழுதினால் பிறகு தேவைப்படும் நாளில் கைவிரிப்பார்கள். அருகிலுள்ள பெரிய மருத்துவமனை ஊபெதாவில், சான் ஹுவான் தெ லா க்ரூஸ். தோல் குத்துச் சோதனைக்குத் தேதி கிடைத்தால் அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். மறந்து சாப்பிட்டால் சோதனை ஒன்றும் காட்டாது, அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போனாலோ, பேச்சு முறிந்தாலோ உடனே 112, அவசர உதவி எண்.

கேட்டவர்:

அக்கா, மிக்க நன்றி. பிப்ரவரி, மார்ச்சில் தோப்பில் எரிப்பார்கள் என்று ஒருவர் சொன்னாரே, அது சட்டப்படி சரியா? கோடையில் என்ன?

பதில்:

அறுவடை முடிந்ததும் கவாத்து. வெட்டிய கிளைகளில் தடித்தது விறகுக்கு, சுள்ளி தோப்பிலேயே எரிப்பு. ஆண்டலூசியாவில் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை காட்டுத்தீ அபாயம் மிகுந்த காலம், அப்போது எரிப்பு தடை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அபாயம் குறைந்த காலம், ஆகவே எல்லாரும் அதற்குள் எரித்து முடிக்கப் பார்ப்பார்கள். 2022 கழிவுச் சட்டம் பண்ணைக் கழிவு எரிப்பை இறுக்கியது. அதே ஆண்டு இறுதியில் வந்த இன்னொரு சட்டம் சிறு பண்ணைகளுக்கு வழி விட்டது. எனவே நீங்கள் பார்க்கும் புகையில் பெரும்பகுதி சட்டத்துக்கு உட்பட்டதே, தொலைபேசியை எடுத்துப் புகார் சொல்லி அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டிக், டயர், மருந்து டப்பா எரிகிற கருப்புப் புகை வேறு. அது குற்றம், சிவில் கார்டு காவல்படையின் செப்ரோனா என்ற சுற்றுச்சூழல் பிரிவிடம் சொல்லலாம். சுள்ளியை அரைத்து மண்ணில் பரப்புபவர்களுக்கு ஐரோப்பிய வேளாண் மானியம் உண்டு, பெரிய தோப்புகளில் அந்த இயந்திரச் சத்தம் கேட்பது நல்ல சகுனம்.

அதே மாதங்களில்தான் கலிமா, அதாவது சகாரா தூசி. கோடையிலும் வரும். 2022 மார்ச் 14, 15, 16-இல் பாதி ஸ்பெயின் ஆரஞ்சு நிறமாகியது. பார்சலோனாவிலிருந்து இயங்கும் மண்டலத் தூசி மையம் மூன்று நாள் முன்னறிவிப்பு வெளியிடுகிறது, வரைபடத்தில் பழுப்புப் பட்டை ஆண்டலூசியாவைத் தொட்டால் அன்று எந்த நேரமும் ஜன்னல் நேரம் அல்ல. வெளியே போக எஃப்எஃப்பி2 முகக்கவசம் (நம் ஊர் என்95 மாதிரி). முகத்துக்குப் படியாமல் ஓரத்தில் காற்று ஓடினால் அதனால் பயனில்லை, கண்ணாடி போடுபவர்களுக்குக் கண்ணாடி பனித்தாலே கசிகிறது என்று அர்த்தம். மழையும் சேர்ந்தால் சேறாகப் பெய்யும். காரை உலர்துணியால் துடைத்தால் பெயின்ட் கீறும், முதலில் தண்ணீர் பாய்ச்சுங்கள். மொட்டை மாடி வடிகாலை அன்றே கழுவிவிடுங்கள், காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும். ஏசி வலை, ப்யூரிஃபையரின் முன்வலை இரண்டையும் மறுநாள் கழுவுங்கள்.

கோடையில் துகள் அடங்கும், மூச்சுக்குழலை உறுத்தும் ஓசோன் வாயு வரும். நகரத்தில் வண்டிப்புகையின் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடும். கிராமத்தில் தின்ன ஆளில்லை, அதனால் ஆளற்ற மலையடிவாரத்திலும் அளவு உயரும். கண்ணுக்குத் தெரியாது, ஹெபாவுக்கும் பிடிபடாது. ஒரு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 180 மைக்ரோகிராமைத் தாண்டினால் அரசே அறிவிக்க வேண்டும், வீசிங் பிள்ளைகளுக்கு 120-க்கு மேலேயே கவனம். பிற்பகல் 2 முதல் 8 வரைதான் உச்சம். ஊர்க்காரர்கள் பெர்சியானாவை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குகிற நேரமும் ஏறக்குறைய அதுவே, வெயிலுக்காக அவர்கள் கண்டுபிடித்த வழக்கம் ஓசோனுக்கும் பொருந்திவிட்டது. ஜன்னலை இரவு 11 முதல் காலை 9 வரை தாராளமாகத் திறந்து வையுங்கள். சைக்கிள், கால்பந்து எல்லாம் காலையில்.

பக்கத்திலேயே கசோர்லா, செகுரா, லாஸ் வில்லாஸ் மலைகளின் பெரிய இயற்கைப் பூங்கா. கோடையில் அங்கே தீ பிடித்தால் அன்றைக்கு இரவு ஜன்னலும் கிடையாது. அதற்காக ஜூலை தொடங்குமுன் ஹெபா வடிகட்டி ஒன்று உபரியாக வாங்கி வைத்திருங்கள். சின்ன ஊர்க் கடையில் இருக்காது, தபாலில் வர நாள் பிடிக்கும்.